பதவி உயர்வைத் தடுத்த ‘நன்று’

தேவ் தத் என்ற பொறியாளர், எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் 1988 முதல் செயற்பொறியாளராக இருந்தார். அடுத்த படியான கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்குத் தகுதி பெற்ற பிறகும், 1994 டிசம்பரில் கூடிய பதவி உயர்வுக் குழு அவரை விட்டுவிட்டு, பணியில் அவருக்கு இளையவர்களைத் தேர்ந்தெடுத்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் ரகசிய அறிக்கைகளிலும் ‘மிக நன்று’ இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கு 1993-94இல் மட்டும் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். அப்படி எழுதியது அவருக்குத் தெரியாது. அப்போதெல்லாம் பாதகமான குறிப்பு என்றால்தான் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். ‘நன்று’ பாதகமான சொல்லா என்ன?

உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் 2008 மே மாதம் தீர்ப்பளித்தது. ஒரு குறிப்பு பாதகமா இல்லையா என்பதை அதன் விளைவைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும், உயர்வைத் தடுக்குமானால் ‘நன்று’ என்பதும் பாதகமே என்றது நீதிமன்றம். எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும், மறுப்பு எழுத வாய்ப்பும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் அதற்குள் தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். மறுப்பு ஏற்கப்பட்டால் ஓய்வூதியத்திலும் நிலுவைத் தொகையிலும் ஏதாவது கிடைக்கும் என்ற அளவில்தான் அவருக்கு நீதி வந்து சேர்ந்தது.

உயர்வு கிடைக்காதவர்களுக்கு ஊரே அறிவுரை சொல்கிறது. இன்னும் உழைக்க வேண்டும், ஆங்கிலம் சரளமாக வர வேண்டும், மேலதிகாரியிடம் அனுசரித்துப் போக வேண்டும் என்கிறது. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாதவர் எதைத் திருத்திக்கொள்வார்? பல அலுவலகங்களில் முதல் தடையே அந்தக் காகிதம்தான். அதைப் பார்ப்பதும், தவறென்றால் மறுத்து எழுதுவதும் ஊழியரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மத்திய அரசு 2009 மே மாதம் பிறப்பித்த உத்தரவின்படி, ஆண்டுச் செயல்பாட்டு மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியரிடம் காட்ட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 15 நாளில் எழுதிக் கொடுக்கலாம். 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது. கதவு திறந்தாகிவிட்டது. உள்ளே போகத்தான் பலர் தயங்குகிறார்கள். “எதுக்கு வம்பு, அடுத்த வருஷமும் அவர்கிட்டதானே வேலை பார்க்கணும்” என்று அந்த 15 நாளைக் கடந்துவிடுகிறார்கள். இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எதிர்க்காமல் விட்ட ஒரு மதிப்பீடு அந்த ஆண்டோடு போவதில்லை. பதவி உயர்வுக் குழு கூடும்போதெல்லாம் கோப்பில் அதுவும் இருக்கும்.

அறிக்கை தொடங்குவதே ஊழியரின் சுயமதிப்பீட்டில்தான். ‘ஒப்படைக்கப்பட்ட பணிகளைச் செவ்வனே முடித்தேன்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். ஆண்டுத் தொடக்கத்தில் தேங்கியிருந்த கோப்புகள் எத்தனை, முடித்தவை எத்தனை, முடியாமல் போனதற்கு ஆள் பற்றாக்குறை காரணமா, நிதி வராதது காரணமா என்று எழுதினால், மதிப்பிடும் அதிகாரி அந்த எண்களுக்குப் பதில் சொல்லாமல் வெறுமனே மதிப்பெண் போட முடியாது. பின்னால் மறுப்பு எழுதும்போது கையில் இருக்கும் சான்றும் இதுவே. பத்து மதிப்பெண்ணில் ஆறைத் தொட்டால்தான் ‘மிக நன்று’. ஐந்தே முக்கால் வாங்கியவர் ‘நன்று’தான். அந்தக் கால் மதிப்பெண்ணுக்காகப் போராடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எல்லாத் தடையையும் ஒரு மனுவால் தாண்டிவிட முடியாது என்பதும் உண்மை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்று அந்தப் பணியின் விதியே சொல்லியது. உயர்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்கு உயர்வு அளித்துவிட்டது. ஆனாலும் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கடுமையாகச் சாடிவிட்டுத்தான் வழக்கை முடித்தார்.

இன்னும் நுட்பமான தடையை 2021இல் ராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கு வெளிக்கொணர்ந்தது. அவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்க வழியே இல்லாத காலத்தில் ரகசிய அறிக்கைகளை அக்கறையில்லாமல் எழுதியிருந்தார்கள். எப்படியும் போகப்போகிறவர்கள்தானே என்ற எண்ணம். நிரந்தரப் பணிக்கு உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு வழி திறந்த பிறகு, அதே பழைய அறிக்கைகளை வைத்தே அவர்களை எடைபோட்டார்கள். வெளிப்பார்வைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல். விளைவில் அது மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. மகப்பேறு விடுப்பில் போனவருக்கும், ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருப்பவருக்கும் ‘இவருக்கு எதற்கு நல்ல மதிப்பெண்’ என்று குறைத்துப் போடும் எந்த அலுவலகமும் இதே தவறைத்தான் செய்கிறது.

தனியார் துறையில் நிலைமை இன்னும் மோசம். குழுவில் இத்தனை பேர்தான் மேலே, இத்தனை பேர் கட்டாயம் கீழே என்று முன்கூட்டியே பங்கு பிரித்து மதிப்பிடும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. அதே வழக்கம் உள்ள இடங்களில் ஊழியருக்குக் கிடைக்கும் பதில், “இந்த முறை பட்ஜெட் இல்லை, அடுத்த சைக்கிளில் பார்க்கலாம்.” இது வாய்வார்த்தை. அடுத்த ஆண்டு மேலாளர் மாறினால் அதுவும் போய்விடும். உரையாடல் முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதும், எதை முடித்தால் உயர்வுக்குப் பரிசீலிப்பீர்கள் என்று அதில் கேட்பதும் ஊழியர் செய்யக்கூடியவை. காரணத்தை எழுத்தில் தர வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு வேண்டும். தன் மதிப்பீட்டைப் பார்த்து மறுப்பு எழுத அரசு ஊழியருக்கு நீதிமன்றம் வாங்கித் தந்த உரிமையையும், தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்; ஊதிய உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.