பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள்

இந்நாளில் நம் அங்கத்தினர் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை ஒன்று இருக்குமானால், சர்வீஸ் கமிஷன் பரீட்சையைப் பற்றிய பேச்சும் அங்கே இருக்கும். தறிக்குழியின் ஓரத்தில் பொது அறிவுப் புத்தகம் கிடக்கிறது. களத்தில் நெல்லுக்குக் காவலிருக்கும் பிள்ளை பழைய வினாத்தாளைப் புரட்டுகிறான். இது நன்றா, தீதா என்று பெரியோர் சிலர் வினவுகின்றனர். நன்று என்பதே எம் கருத்து. ஆயினும் அதற்கு ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லையை வகுப்பதில் சங்கங்களுக்கும் பங்குண்டு.

நன்று என்பதற்குக் காரணம் கூறுவோம். கர்ணமும் மணியக்காரரும் பரம்பரை உரிமையால் கிராமக் கணக்கை ஆண்ட காலத்தை நம்மில் மூத்தோர் அறிவர். 1980-இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த கிராம நிர்வாக அலுவலர் பதவி பரீட்சையின் வழியே கிடைப்பது. பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வேண்டிய அடங்கல் அவர் கையிலிருந்தே வரவேண்டும். விதைக்கும் பருவம் தவறினால் கடன் பயனற்றது என்பதை ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

முதல் தொகுதிப் பரீட்சையில் தேறுவோர் துணை ஆட்சியராகவும், காவல் துணைக் கண்காணிப்பாளராகவும், கூட்டுறவுத் துணைப் பதிவாளராகவும் அமர்கின்றனர். நூல் வராமல் தறி நின்ற நாட்களை வீட்டில் கண்டவர் பதிவாளர் அலுவலகத்தில் அமர்ந்தால், சங்கத்தின் மனு அவருக்கு வெறுங் காகிதமாகத் தோன்றாது. இரண்டாம் நிலைக் காவலர், சார்பு ஆய்வாளர் பதவிகளுக்கு 1991-இல் அமைந்த சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் ஆள் எடுக்கிறது. அங்கே எழுத்துத் தேர்வோடு ஓட்டமும் பிற உடற்திறன் தேர்வுகளும் உண்டு. வயலில் உழைத்த உடலுக்கு அவை அச்சம் தருவன அல்ல.

இப்பரீட்சைகள் நகரத்துப் பிள்ளைகளுக்கே உரியவை என்பது தவறு. நான்காம் தொகுதிப் பரீட்சை பத்தாம் வகுப்புத் தரத்தது; பள்ளிப் பாடநூல்களே அதற்கு அடிப்படை. முற்றிலும் தமிழ் வழியில் பயின்றோருக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 20 சதவீத முன்னுரிமையும் உண்டு.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். 2022-இல் நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் 21 இலட்சத்திற்கு மேற்பட்டோர். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டாலும், நூற்றில் ஒருவருக்குக்கூட இடம் கிட்டாத நிலையே அது. கிட்டாதவர் யாவரும் அறிவிலிகள் அல்லர். இடம் சிறிது, கூட்டம் பெரிது, அவ்வளவே. இதை உணராத பெற்றோர் நகையை அடகு வைத்துப் பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டுகின்றனர். பிள்ளையோ இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று முப்பது வயதை எட்டுகிறான். அதற்குள் நாடா எறியும் கையும் போகிறது, உத்தியோகமும் வருவதில்லை. பெண் பிள்ளையானால் அவளுக்குக் கிடைக்கும் தவணை இன்னும் குறைவு. முதல் தோல்வியிலேயே புத்தகத்தை மூடச் சொல்லும் வீடுகள் உள. இதுவும் அநீதியே.

ஆகவே சங்கங்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று யோசனைகள் கூறுவோம். முதலாவது, ஆணாயினும் பெண்ணாயினும் மூன்றாண்டு என்று தவணை வகுத்து, அதுவரை தடையின்றிப் படிக்க விடுங்கள். இரண்டாவது, அக்காலத்திலும் நாளில் சில மணி நேரம் தறியோ, நிலமோ, சங்கத்தின் கணக்கு வேலையோ அவர்கள் கையில் இருக்கட்டும். கூட்டுறவுப் பட்டயப் பயிற்சி பெற்றால் சங்கப் பணிக்கும் வழி உண்டு. மூன்றாவது, மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடத்தைப் படிப்பகமாக்குங்கள். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து விளக்கும் பாடநூல்களும் அளியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடப்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

தேறிச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். நாளை உங்கள் மேசைக்கு முன் கைகட்டி நிற்பவர் உங்கள் தந்தையைப் போன்ற ஒருவர். அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். தேறாது திரும்பும் பிள்ளைகளைத் தோற்றவர் என்று ஊரார் எண்ண வேண்டா. கணக்கும் சட்டமும் கற்ற அவர்களே நாளைய நிர்வாகக் குழுவுக்கு ஏற்றவர்கள்.