சிலுவையின் மேலுள்ள ‘ஐ’

பீடச் சிலுவைக்கு வண்ணந்தீட்ட வந்த இளைஞர், “சுவாமி, ‘ஐ.என்.ஆர்.ஐ.’ என்றிருக்கிறதே! ஆண்டவர் பெயர் ஆங்கிலத்தில் ‘ஜே’யில் அல்லவா தொடங்கும்? திருத்திவிடட்டுமா?” என்று வினவினார். நல்லவேளை, தூரிகையைத் தொடுமுன் கேட்டார்!

அவை ஆங்கில எழுத்துகள் அல்ல. ‘நாசரேத்தூர் இயேசு, யூதர்களின் அரசர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். பிலாத்து அதனை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் எழுதுவித்ததாக அருளப்பர் (19:20) உரைக்கிறார். உரோமையரிடம் ‘ஜே’ என்றோர் எழுத்தே கிடையாது. ‘இ’, ‘ய’ எனும் ஈரொலிகளையும் ‘ஐ’ ஒன்றே தாங்கிற்று. பிற்காலத்தில் ஏடெழுதுவோர் அதன் வாலை நீட்டினர். அவ்வாலெழுத்தைத் தனியெழுத்தாகப் பிரிக்க 1524-இல் வாதிட்டவர் த்ரிஸ்ஸினோ என்னும் இத்தாலியர். 1611-இல் அச்சான ஆங்கில விவிலியத்திலும் ஆண்டவர் திருப்பெயர் ‘ஐ’யிலேயே தொடங்குகிறது, இன்றைய இலத்தீன் திருப்பலி நூலிலும் அவ்வாறே.

பழைய எழுத்துகளின் மீதே பொன்வண்ணம் பூசச் சொன்னேன்.