எடுத்துக்காட்டும் சோதனையும்

ஓவேலித் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்து நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், பைத்தான் கணினிமொழியில் தம் ஊர்ப்பெயரின் எழுத்துகளை எண்ணச் செய்தார். ‘ஓவேலி’ மூன்றெழுத்துச் சொல். கணினியோ ஐந்து என்றது. ஒருங்குறியில் ‘வே’ என்பது வகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு, ‘லி’யும் அவ்வாறே. கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, விடை கண்டு, மாற்றி, மாலைக்குள் மூன்று என்னும் விடையைப் பெற்றார். நாமும் மகிழ்ந்தோம்.

மறுவாரம் வேறொரு கோப்பிலிருந்து ‘தொழுகை’ என்னும் சொல்லை எடுத்து இட்டபோது நான்கு என விடை வந்தது. ‘தொ’வின் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஓர் எழுத்துக்கு ஒரு குறியே உண்டென அவர் நிரல் கருதியிருந்தது. அதனைத் திருத்தினார். திருத்திய பின் ‘ஓவேலி’க்குப் பழைய விடையே வருகிறதா என்று பார்க்க, முதல்நாள் முயற்சிகள் எவையும் எஞ்சவில்லை. சாளரத்தை மூடியவுடன் அவையும் போயின.

இங்கேதான் நம் கருத்தைச் சொல்ல விழைகிறோம். தட்டிப் பார்ப்பது ஆய்வு. பிறர் நாள்தோறும் நம்பிப் பயன்படுத்துவது நிரல். முன்னதில் கண்ட விடைகளைச் சோதனைகளாக எழுதி வைத்தாலன்றி அது பின்னதாகாது. நூற்பாவின் பொருளுரைத்து எடுத்துக்காட்டும் தருவது இளம்பூரணர் முதலான உரையாசிரியர் மரபன்றோ! பைத்தானில் 2001 முதல் இடம்பெற்றுள்ள ‘டாக்டெஸ்ட்’ என்னும் கருவி செய்வதும் ஏறத்தாழ அதுவே. நாம் தட்டிய கட்டளையையும் பெற்ற விடையையும் நிரலின் விளக்கவுரையிலேயே பதித்துவிட்டால், வேண்டும்போதெல்லாம் அது மீண்டும் இயக்கி ஒப்பிட்டுக் காட்டும். ஜுபிட்டர் குறிப்பேடுகள் முயற்சிகளைச் சேமித்து வைப்பது உண்மையே. எனினும் கட்டங்களை முன்பின்னாக இயக்கிப் பெற்ற விடை, மேலிருந்து கீழாக இயக்கும்போது வராமற் போவதுண்டு.

எழுத்துகளைப் பிரிக்க ‘ஓப்பன் தமிழ்’ போன்ற கட்டற்ற நிரலகங்கள் இருக்க இம்முயற்சி எதற்கு எனலாம். எந்நிரலாயினும் சரிபார்க்கச் சொற்கள் வேண்டும். அவற்றைத் தர வேண்டியது தமிழ்த்துறை. ‘அஃது’, ‘ஹஜ்ஜு’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றில் எழுத்தெத்தனை? ‘க்ஷ’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா? இதனைக் கணினித் துறையார் தலையில் சுமத்துவது முறையன்று.

அம்மாணவரின் சோதனைக் கோப்பில் இப்போது முதல் வரி ‘ஓவேலி’. அடுத்து, இருவகைச் சேமிப்பிலும் ‘தொழுகை’. மூன்றுக்கும் விடை மூன்றே. ‘க்ஷ’வுக்கு எதிரே மட்டும் இடம் வெற்றாக உள்ளது, தமிழ்த்துறை கூடி விடை கூறட்டும்.