ஆறில்லாத ஊர்க்காரர் அணைக்கட்டில் பார்க்க வேண்டியது

கேள்வி: எங்கள் உழவர் குழுவை ஒருநாள் கண்டுணர்வுச் சுற்றுலாவாகத் தாமிரபரணி அணைக்கட்டுகளுக்கு அழைத்துப் போகிறார்கள். எங்களுக்கு இருப்பது கரிசல் மானாவாரியும், சில வருடம் மட்டும் நிறைகிற ஒரு கண்மாயும்தான். ஆற்றுப் பாசனத்தைப் பார்த்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு ஒரு சால் உழவு ஓட்டினாலாவது பலன் உண்டே?
– வாசகர், விளாத்திகுளம் வட்டம்

பதில்: கோடை மழை பெய்து நிலத்தில் ஈரம் இருந்தால் முதலில் உழவை முடித்துவிடுங்கள். ஈரம் காத்திருக்காது, அணைக்கட்டு காத்திருக்கும். மற்றபடி இந்தச் சுற்றுலா மானாவாரிக்காரருக்கும் தேவையானதுதான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழைய அரசர்கள் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1873-ல் கட்டி முடிக்கப்பட்டது. கோவில்பட்டியிலிருந்து காலையில் வேன் ஏறினால் மருதூரையும் ஸ்ரீவைகுண்டத்தையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்பலாம். ஜூன் மாதத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பு போவது நல்லது. ஆறு வற்றியிருக்கும்போதுதான் சுவரும் மதகும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாபநாசம் அணை தண்ணீரைத் தேக்குவது. அணைக்கட்டு அப்படியல்ல. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தாழ்ந்த சுவர். அது நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக் கால்வாய்க்குள் திருப்பிவிடும். மிஞ்சும் வெள்ளம் சுவருக்கு மேலே வழிந்து போய்விடும். மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம் போல் வளைந்து, சுமார் 4,000 அடி நீளம் கிடக்கிறது. சுவர் நீளமாக இருப்பதால் வெள்ளம் பரந்து வழிகிறது, ஓரிடத்தில் மோதி உடைப்பதில்லை. மருதூரின் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டத்தின் வடகால், தென்கால் ஆகிய நான்கும் சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்தில் 46,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகின்றன.

அங்கே நின்று மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது, மிஞ்சியது எப்படி வெளியேறுகிறது, கூடவே வரும் மண் எங்கே போகிறது. இந்த மூன்றாவதில்தான் பெரிய அணைக்கட்டும் தடுமாறும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேல்புறம் மணலும் வண்டலும் மேடிட்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015-ல்தான் தூர்வாரும் பணி தொடங்கியது. கட்டிய சுவர் அப்படியே நின்றது. தண்ணீர் நிற்கும் இடத்தை மண் பிடித்துக்கொண்டது.

சீனாவில், செங்டு சமவெளியில் தூஜியாங்யான் என்றொரு பாசன அமைப்பு இருக்கிறது. கி.மு. 256-ஐ ஒட்டி லி பிங் என்ற ஆளுநர் தொடங்கிய வேலை. அங்கே ஆற்றை மறித்துத் தேக்கவில்லை. ஆற்றின் நடுவே மீன் வாய் போன்ற ஒரு கரையை அமைத்து, நீரை இரண்டாகப் பிரித்தார்கள். 2,200 ஆண்டுகள் கடந்தும் அது பாசனம் தருகிறது. யுனெஸ்கோ 2000-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் ஆயுளுக்குக் காரணம் கல்லும் மண்ணும் மட்டுமல்ல. தண்ணீர் குறைந்த பனிக்காலத்தில் ஆண்டுதோறும் தூர்வாருவது அங்கே வழக்கமாக இருந்தது. எவ்வளவு ஆழம் தோண்டுவது என்ற சண்டையே வராதபடி, ஆற்றின் அடியில் இரும்புத் தண்டுகளைப் பதித்து வைத்தார்கள். இரும்பு கண்ணில் படும் வரை தோண்ட வேண்டும்; பட்டதும் நிறுத்த வேண்டும்.

நம் கண்மாய்க்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அது மடையின் அடிமட்டம். அந்த மட்டம் வரை வண்டலை எடுத்தால், தேங்கும் நீர் மடை வழியாக வயலுக்குப் போகும். அதற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவலாம். மடை வழியே வயலுக்கு ஏறாது. பல ஊர்களில் கரை ஓரத்தில் வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறதென்று அங்கேயே ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். அது கரையின் காலை வெட்டுவதற்குச் சமம். கரையை விட்டு உள்ளே தள்ளி, கண்மாய் முழுவதும் பரவலாக எடுக்க வேண்டும்.

எடுத்த கரம்பையை எங்கே அடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். செவல், மணல் பாங்கான நிலத்தில் அது ஈரம் பிடிக்கும் சக்தியைக் கூட்டும். கரிசல் ஏற்கெனவே களிமண். அங்கே அந்த அளவு பலன் இராது. எந்த நிலமானாலும், கரம்பையில் உப்பு உள்ளதா என்று மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துவிட்டு அடிப்பது நல்லது. கரம்பை எடுக்க வட்டாட்சியர் அனுமதி பெற வேண்டும்.

கரிசல் கரைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் பெருமழை அந்த வெடிப்பில் இறங்கினால் கரை சரியும். புரட்டாசிக்கு முன்பே வெடிப்புகளில் மண் போட்டு இடித்து இறுக்க வேண்டும். வரத்துக்காலில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்குப் புதராகிவிடும். கலுங்கின் வெளிப்புற ஓடை அடைபடாமல் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களும் கண்மாய்களும் உடைந்ததை நாம் பார்த்தோம். அவ்வளவு மழையை எந்தக் கண்மாயும் தாங்குவது கடினம். ஆனால் கலுங்கு அடைபட்ட கண்மாய்க்கு அதில் பாதி மழையே போதும், கரையை உடைக்க.

100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. மனு கொடுக்கும்போது ‘கண்மாயைத் தூர்வார வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடத்தில் எத்தனை அடி மண் மேடிட்டுள்ளது, வரத்துக்கால் எங்கே அடைபட்டுள்ளது என்று அளவோடு எழுதுங்கள். வேலையும் அளவோடு நடக்கும்.

ஆகவே குழுவோடு போய்வாருங்கள். திரும்பிய மறுநாள், கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் மட்டக் குழாயை இரவல் வாங்கி, நாலு பேராகக் கண்மாய்க்குள் இறங்குங்கள். மடையின் அடிமட்டத்துக்கு மேல் எவ்வளவு மண் ஏறியிருக்கிறது என்று நாலைந்து இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால், ஒருநாள் உழவை விட்டுப் போனதற்குக் கணக்கு நேராகிவிடும்.