சுவர் கிடக்கட்டும், பட்டா எங்கே?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெறும் சுவர் கிடைத்தால் போதும், வட்டத் தலையும் முக்கோண உடலுமாக வார்லி மனிதர்களை ஆடவிட்டுவிடுகிறார்கள். கேட்டால் 'பழங்குடி ஓவியம்' என்பார்கள். வார்லி, மகாராஷ்டிரத்துப் பழங்குடிகளின் கலை. கோவளம் உப்பங்கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கழிவெளியை ஒட்டித்தான் சென்னையின் தாகம் தீர்க்க, 3,010 ஏக்கரில், 350 கோடி ரூபாயில் நீர்த்தேக்கம் அமைக்கப்போவதாகத் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட் அறிவித்தது. இருளரின் வாழ்வாதாரத்தில் கை வைத்துவிட்டுச் சுவரில் அலங்காரமா?

கலைக்கு முதல் தேவை காலடி மண். ஜாதகக் கட்டங்களையும் எழுத்து வடிவங்களையும் நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு இது தெரிந்திருந்தது. 1966-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஈஞ்சம்பாக்கத்தில், அவரும் சகாக்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில் ஏறத்தாழ பத்து ஏக்கர் வாங்கினார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் அப்படித்தான் எழுந்தது. நிலம் சொந்தமாக இருந்ததால்தான் நகரம் வந்து சூழ்ந்த பிறகும் அது நிற்கிறது.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்குள்ள பெரும் மணல் பாலைவனத்தின் பூர்வகுடிகள், தங்கள் நிலம் தங்களுடையதுதான் என்பதை நிரூபிக்க 1997-ல் எட்டுக்குப் பத்து மீட்டரில் ஓர் ஓவியம் தீட்டினார்கள். பெயர் 'ஙுரரா'. நீரூற்றுகள், வழித்தடங்கள், மூதாதையர் கதைகள் எல்லாம் அதில் இருந்தன. அவரவர் ஊர் வரையப்பட்ட இடத்தில் ஏறி நின்று தீர்ப்பாயத்திடம் உரிமையை எடுத்துரைத்தார்கள். 2007-ல் நில உரிமை கிடைத்தது. ஓவியமே சாட்சியானது. இங்கே ஓவியம் சாட்சியை மறைக்கும் திரை.

'சுற்றுலா வளரும், பழங்குடிக்கும் வருமானம் வரும்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021-22-ல் மாமல்லபுரம் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.45 லட்சம், தாஜ்மகாலுக்கு 39 ஆயிரம்கூட இல்லை. நினைவுச்சின்னங்களில் நாட்டிலேயே முதலிடம்! அந்தப் பெருமையில் எத்தனை இருளர் குடிசை ஓட்டு வீடானது? பதில் சொல்லிவிட்டுச் சுற்றுலா பேசட்டும்.

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. புடவைகளைக் கட்டிக் கூடாரம் அடித்து, மணலில் படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். நிச்சயதார்த்தமும் கல்யாணமும் அங்கேயே நடக்கின்றன. பண்பாட்டுப் புத்துயிர் என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. அதற்கு எந்த வண்ண டப்பாவும் தேவைப்படவில்லை.

அரசால் முடியாததல்ல. 2021 நவம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்கே நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். ஒரு நாளில் ஓர் ஊருக்கு முடிந்தது, மாவட்டம் முழுமைக்கும் ஏன் முடியாது? நீர்த்தேக்கம் எழுமுன் கழியில் இறால் பிடிக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கொடுங்கள். அதுவரை இந்தக் கடற்கரையில் எந்தச் சுவரிலும் பழங்குடியின் பெயரால் யாரும் தூரிகை தொட வேண்டாம்.