வார்டு பார்க்காத வருஷம்

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, தொற்று உறுதியானவர்களில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவர் நர்சிங் மாணவி. நோயாளியைத் தொடும் ஸ்டாஃப் நர்ஸுக்கு இருக்கிற ஆபத்து, பக்கத்தில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவிக்கும் இருக்கிறது. ஆனால் சம்பளம், காப்பீடு என்று பேச்சு வந்தால் மட்டும் அவர் 'படிக்கிற பிள்ளை' ஆகிவிடுகிறார்.

கொரோனா வந்தபோது இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2020-ஐச் செவிலியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நர்சிங் கல்லூரி ஹாஸ்டல்கள் காலியாயின. பெட்டியோடு ஊருக்குப் போன மாணவிகளுக்குப் பாடம் செல்போனில் வந்தது.

உடற்கூறியலைப் போனில் படித்துவிடலாம். நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போடுவதை எப்படிப் படிப்பது? வயிற்றுப்போக்கில் நீர்வற்றிப்போன ஒரு பாட்டியின் கை. டூர்னிகே கட்டியும் நரம்பு எழும்பவில்லை. விரலால் தடவினால் தட்டுப்படுகிறது, ஊசி பட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாவது முறை குத்தும்போது பாட்டி முகம் சுளிக்கிறார், மகன் கோபப்படுகிறார். அந்த நேரத்தில் கை நடுங்காமல் இருக்க வேண்டும், பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும். பின்னால் நிற்கும் சிஸ்டர், 'கொஞ்சம் கீழே பாரும்மா' என்று விரலைப் பிடித்துக் காட்டித் தரும் பாடம் இது. ஆய்வகத்தில் இருக்கும் ரப்பர் கையில் நரம்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

பிரசவமும் அப்படித்தான். இந்திய நர்சிங் கவுன்சிலின் அப்போதைய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் மாணவி 20 சாதாரணப் பிரசவங்களாவது பார்த்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாதாரண நாட்களிலேயே இந்த எண்ணிக்கைக்காக லேபர் வார்டு வாசலில் இரவு முழுக்கக் காத்திருப்பார்கள். கல்லூரி மூடிய மாதங்களில் எங்கே போய்க் காத்திருப்பது?

வீட்டுக்கு அனுப்பிய அதே அமைப்பு, ஒரு வருஷம் கழித்து அவர்களை அழைத்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே 3-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் பி.எஸ்சி., ஜி.என்.எம். நர்சிங் மாணவர்களையும் மூத்தவர்கள் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் டூட்டியில் போடலாம் என்றது. 100 நாள் கோவிட் டூட்டி முடித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றும் காப்பீடு உண்டு என்றும் சொன்னது. கட்டில் கிடைக்காமல் மக்கள் ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்த நேரம் அது. அழைத்ததில் தவறே இல்லை. கடைசி வருஷத்தின் பெரும்பகுதியை வீட்டில் கழித்துவிட்டு வந்தவர்கள், பி.பி.இ. கிட்டுக்குள் வியர்த்து, தண்ணீர் குடிக்க முடியாமல், கண்ணாடியில் ஆவி படிந்த நிலையில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருஷமே அவர்களை வார்டில் வைத்துப் பழக்கியிருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

இங்கிலாந்தில் 2020 வசந்தத்தில் வேறொரு வழி செய்தார்கள். அங்கே நர்சிங் பயிற்சி மொத்தம் 4,600 மணி நேரம். அதில் பாதி நோயாளிகளோடு. கடைசி ஆறு மாதத்தில் இருந்த மாணவர்கள் விரும்பினால் சம்பளத்தோடு வார்டில் வேலை பார்க்கலாம், அந்த நேரம் பயிற்சிக் கணக்கிலும் சேரும் என்று விதியைத் திருத்தினார்கள். விருப்பம், சம்பளம், பயிற்சி நேரம் மூன்றுமே எழுத்தில் இருந்தன. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருக்கலாம். ஆனாலும் மாணவி எங்கே நிற்கிறார் என்பது அவருக்கே தெரிந்தது.

இங்கே 2019-இல் சேர்ந்து 2023-இல் பட்டம் வாங்கியவர்கள் பலர் இன்று இரவு டூட்டியில் இருக்கிறார்கள். இழந்த வார்டு நாட்களை வேலைக்குச் சேர்ந்த பிறகு, சக நர்ஸுகளின் பொறுமையில்தான் பலர் ஈடுகட்டியிருப்பார்கள். 1947-ஆம் ஆண்டு கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய அளவில் செவிலியர் ஆணையம் அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அந்த ஆணையத்தின் விதிகளில், தொற்றுக் காலத்தில் மாணவியை வார்டுக்கு அழைத்தால் முதல் நாளிலிருந்தே ஊதியமும் காப்பீடும் தர வேண்டும் என்று எழுத வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால், இழந்த பயிற்சியைப் பட்டத்துக்கு முன்பே கூடுதல் கட்டணம் இல்லாமல் முடித்துத் தர வேண்டும் என்றும் அதிலேயே எழுத வேண்டும்.