கேட்டு மாற்றக் கூடாதா?

ஸ்ரீரங்கப்பட்டணம்: 2025 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு செல்போன் வைத்திருந்த பலர் திகைத்துப் போயினர். முதல் நாள் இருந்த திரை மறுநாள் இல்லை. போனே பழுதாகிவிட்டதோ என்று அஞ்சியவர்களும் உண்டு. கூகுள் நிறுவனம் தனது போன் செயலியைப் புதுப்பித்ததே காரணம். மேல்நோக்கித் தள்ளி அழைப்பை எடுத்துப் பழகிய விரல், திடீரெனப் பக்கவாட்டில் தள்ள வேண்டியதாயிற்று.

படித்த குமாஸ்தா சமாளித்து விடுவார். எழுத்தைப் படிக்காமல் இடம் பார்த்து விரல் வைக்கும் தொழிலாளி என்ன செய்வார்? மேஸ்திரியின் அழைப்பு தவறினால் அன்றைய கூலி போயிற்று. ஊரிலிருந்து வரும் அழைப்பு தவறினால் நிம்மதி போயிற்று.

புதுப்பிப்பே கூடாது என்பதல்ல. போனிலேயே பணம் புழங்கும் காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் அவசியம். ஆனால் பூட்டைப் பலப்படுத்துவது வேறு. வாசலையே இடம் மாற்றுவது வேறு.

இவ்வூரில் இரட்டை ரயில் பாதைக்காக, திப்பு காலத்து ஆயுதக் கிடங்கை 2017-ல் இடிக்காமல் அப்படியே நகர்த்தி வைத்தார்கள். பாதையும் வந்தது, பழைமையும் பிழைத்தது. கட்டடத்துக்குக் காட்டிய பொறுமையை மனிதருக்குக் காட்டக் கூடாதா?

புதிய முறை பிடிக்காதவர்கள், போன் செயலியின் செட்டிங்ஸில், தொட்டாலே அழைப்பை எடுக்கும்படி வைத்துக் கொள்ளலாம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பது நலம்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: மாற்றும் முன், அவரவர் மொழியில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும். போன் காசு கொடுத்து வாங்கியவருடையது அல்லவா?